வேரின் மேல் குற்றமில்லை

டெக்சாஸ் மாகாணத்தின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் ஒற்றைச் சுண்டுவிரலால் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கும் என் மகன் கார்த்திக்குக்கு, கலிஃபோர்னியாவில் இன்னும் உயிரோடு இருக்கும் உன் அப்பா எழுதுவது.

உயிரோடு இருப்பதை முதல் வரியிலேயே போட்டதற்குக் காரணம் உன் அம்மா. போன வாரம் அவள் உன்னிடம் போனில் அழுத அழுகைக்கு உன் ரவுண்ட் ராக் ஊரில் மேய்கிற மாடுகள்கூடத் துக்கம் விசாரிக்கக் கிளம்பியிருக்கும். அதனால் சொல்லிவிடுகிறேன். மூக்கில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று அரைப்படி அரிசிச் சோறு சாப்பிட்டேன். இன்று ஆபீசுக்கே போயிருப்பேன், உன் அம்மா கார் சாவியை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். ஆகையால் நீ கவலைப்பட வேண்டியது என் ரத்தத்தைப் பற்றி அல்ல. நீ கட்டிக்கொள்ளப் போகிற ஜாய்ஸின் அம்மாவைப் போனில் பிடித்துக் கத்தினாயே, அதைப் பற்றி. அதற்குப் பிறகு ஜாய்ஸ் உன் போனை எடுப்பதில்லை என்பதும், கல்யாணம் நடக்குமா என்று நம் வீட்டில் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். இதோ என் தீர்ப்பு: கல்யாணம் நடக்கும். லிவர்மோர் கோயிலில், குறித்த முகூர்த்தத்தில் நடக்கும். ஹாலுக்குச் செய்த பதிவை ரத்து செய்யலாமா என்று உன் அம்மா கேட்டதற்கு, கோயில் கோபுரத்தையே மாற்றிக் கட்டினாலும் கட்டுவேனே தவிர அதை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ, "அப்பா, லெட் மீ ஃபினிஷ்" என்பாய். பிறகு அமாவாசை வரை முடிக்க மாட்டாய். பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்தவன் என்பதால் உனக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் எழுத்தின் மேல் விரலை வைத்து ஊர்ந்துதான் வரும். அதுதான் எனக்கு வேண்டும். இங்கிலீஷை நீ ஃப்ரீவேயில் போகிற மாதிரி படிக்கிறாய். இதை மெதுவாகப் படி.

போன வருடக் கடைசியில் சென்னை போய்விட்டுத் திரும்பினோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை, ஜன்னலோரத்து சீட்டில், பக்கத்தில் தூங்கிய ஒரு மலையளவு மனிதரை எழுப்ப மனமில்லாமல், கால் மடக்கியது மடக்கியபடியே இரண்டு பெருங்கடல்களைக் கடந்தேன். இறங்கிய சில நாளில் இடது கெண்டைக்கால் வீங்கி ஒரு பூசணிக்காய் ஆனது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு, பிறகு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கடுகளவு மாத்திரை, ஆனால் அதற்கு இருக்கிற அதிகாரம் கவர்னருக்குக் கிடையாது. அளவு குறைந்தால் கட்டி மறுபடி வரும், கூடினால் ரத்தம் நிற்காமல் போகும். இரண்டுக்கும் நடுவில் கயிற்றின் மேல் நடக்கிற மாதிரி நடக்க வேண்டும். அதற்காக அடிக்கடி ரத்த டெஸ்ட். அந்த நர்ஸ் ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: புதிதாக ஏதாவது மருந்து, விட்டமின், மூலிகை எடுக்கிறீர்களா? கீரை சாப்பிட்டால்கூட ஒருநாள் மலையளவு, ஒருநாள் ஒன்றுமில்லை என்று இருக்கக் கூடாது, ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும் என்பார். நான் தலையாட்டுவேன். உன் அப்பா தலையாட்டுவதில் தஞ்சாவூர் பொம்மையைத் தோற்கடிப்பவன் என்பது உனக்குத் தெரியும்.

இது உனக்கும் தெரிந்த கதைதான். தெரியாத கதை இனிமேல். ஜாய்ஸின் குடும்பமான சென் வீட்டில் பெண் பார்க்கப் போகிற மாதிரி, ஆனால் அப்படிச் சொல்லாமல், நானும் அம்மாவும் மில்பிடாஸுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. நீ அப்போது ரவுண்ட் ராக்கில் புது வேலையில் சேர்ந்திருந்தாய். கிளம்புவதற்கு முன் உன் அம்மா என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி டை முடிச்சைச் சரிசெய்துகொண்டே ஒரு சட்டம் போட்டாள்.

"ஏங்க, அங்க போய் கால், கட்டி, மாத்திரைன்னு வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க. கல்யாணம் முடியட்டும்."

"ஏன்டி, இது என்ன ஒட்டுவாரொட்டியா?"

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு ரத்தத்துலயே ஏதோ கோளாறுன்னு பேச்சு வரும். நாளைக்கு நம்ம புள்ளைக்கும் வருமோன்னு நெனைப்பாங்க."

"அவங்க சீனாக்காரங்க. இதையெல்லாம் யாரு பாக்கப்போறா?"

"பொண்ணைப் பெத்தவங்க எந்த ஊரா இருந்தா என்ன, எல்லாரும் பாப்பாங்க. நீங்க கம்முனு இருங்க."

இதில் உன் அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது சர்க்கரை வியாதிக்காரர் ஜிலேபி சாப்பிட்டுக் காட்டுவார். காது கேட்காதவர் எல்லாவற்றுக்கும் சிரிப்பார். மாரடைப்பு வந்தவர் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவார். முகூர்த்தம் முடிந்த பிறகுதான் ஒவ்வொருவர் பையிலிருந்தும் மாத்திரை டப்பா வெளியே வரும். எனக்கும் அந்தச் சட்டம் பிடித்துத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவனுக்கு, நோயாளி என்று அறிமுகமாக ஆசை இருக்குமா?

ஜாய்ஸின் அப்பா வருடத்தில் பாதி தைவானில், கம்பெனி வேலையாக. அன்றும் அங்கேதான் இருந்தார். சம்பந்தியம்மா தனியாகவே எங்களுக்காக ஒரு போர்ப்படைக்கு ஆகிற அளவு சமைத்து வைத்திருந்தார். நாம் சைவம் என்று ஜாய்ஸ் சொல்லியிருந்ததால் கோழி இல்லாமல் ஒரு சூப். காளான், இஞ்சி, சிவப்பு பேரீச்சை மாதிரி ஏதோ உலர்ந்த பழம், அதோடு மரப்பட்டையைச் சீவின மாதிரி வெளிறிய வேர்த் துண்டுகள். மூடியைத் திறந்ததும் செலரியும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடையும் சேர்ந்த ஒரு வாசனை. அந்த வேரைக் காட்டி டாங் குவாய் என்றார். கையை நெஞ்சில் வைத்து, பிறகு காலைத் தட்டிக் காட்டி, "குட் ஃபார் பிளட்" என்றார். ரத்தத்துக்கு நல்லது! என் ரத்தத்துக்கு அன்று யார் நல்லது செய்தாலும் நான் காலில் விழுந்திருப்பேன். அப்போது ஜாய்ஸ் பக்கத்து அறையில் போனில் இருந்தாள், உன்னோடுதான். சம்பந்தியம்மா கரண்டியைப் பாத்திரத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யூ டேக் மெடிசின்? எனி மெடிசின்?"

கார்த்திக், இந்த வரியை விரல் வைத்துப் படி. அவர் கேட்டார். ஊற்றுவதற்கு முன்னால் கேட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்கிற அதே கேள்வி. நான் என்ன சொன்னேன் தெரியுமா? மார்பில் ஓங்கி ஒரு குத்துக் குத்தி, "மெடிசின்? மீ? நோ நோ! ஹார்ஸ்!" என்றேன். மேசைக்கு அடியில் உன் அம்மா என் தொடையைச் செல்லமாகத் தட்டினாள். குதிரைக்குக் கிடைத்த பாராட்டு அது. சம்பந்தியம்மா சிரித்துவிட்டு ஊற்றினார்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு யுத்தம் நடந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் எழுத வேண்டியது, என் அடக்கத்தால் விட்டுப்போயிற்று. நமக்கு, சம்பந்தி வீட்டில் வைத்ததை மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவு. அதனால் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி சுத்தமாகக் குடித்தேன். அவர் பழக்கத்தில், விருந்தாளியின் கிண்ணம் காலியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். நிரப்பினார். நான் மரியாதை காட்டினேன். அவர் நிரப்பினார். நான் மறுபடி மரியாதை காட்டினேன். இரண்டு நாகரிகங்கள், ஐந்தாறு ஆயிரம் வருடப் பண்பாடு, ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் என் வயிற்றுக்குள் மோதிக்கொண்டன. கடைசியில் பாத்திரம்தான் தோற்றது. அவருக்கு என் மேல் வந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. தன் சமையலை இப்படிச் சாப்பிட்ட மனிதரை அவர் பார்த்ததில்லையாம். அதிலிருந்து வாராவாரம் ஜாய்ஸ் கையில் ஒரு பிளாஸ்க் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தது.

நான் குடித்தேன். உண்மையைச் சொன்னால் ருசித்துக் குடித்தேன். முட்டிவலி போயிற்று என்று ஆபீசில் சொன்னேன். தலைமுடி கறுக்கிறது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இன்னும் ஒரு மாதம் குடித்தால் சீன மொழியே வந்துவிடும் என்று ஜாய்ஸிடம் சொன்னேன். நர்ஸிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் மருந்து கேட்டார், மூலிகை கேட்டார். இது சூப் அல்லவா? தட்டில் வந்தால் சாப்பாடு, டப்பாவில் வந்தால் மருந்து என்பது நம் ஆட்களின் ஆழமான நம்பிக்கை. மிளகு ரசம் குடிப்பதை யாராவது டாக்டரிடம் சொல்கிறோமா? நானும் "நத்திங் நியூ" என்றேன்.

உடம்பு நேர்மையானது, அது எனக்கு முன்கூட்டியே சொன்னது. ஷேவ் செய்யும்போது பட்ட சின்னக் கீறல் காலை டிபன் முடியும் வரை கசிந்தது. பல் தேய்த்தால் நுரை சிவந்தது. மேசை முனையில் இடித்த தொடையில் இலங்கை மேப் மாதிரி ஒரு நீலம், கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை. நான் சட்டையை மாற்றினேன், பிரஷ்ஷை மாற்றினேன், மேசையைத் தள்ளிப் போட்டேன். சூப்பை மாற்றவில்லை. அடுத்த ரத்த டெஸ்டுக்கும் இன்னும் நாள் இருந்தது. போன வாரம் ஆபீசில், ஃப்ரீமான்ட் நகரத்துச் சாக்கடைக் குழாய்களைப் பற்றி நான் ஒரு பேருரை ஆற்றிக்கொண்டிருந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கைக்குட்டை நனைந்தது, டிஷ்யூ பெட்டி காலியானது, வரைபடம் கெட்டது. நிற்கவில்லை. அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன். அங்கே என்னால் ஜோக் சொல்ல முடியவில்லை, கார்த்திக். எமர்ஜென்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ போயிருக்கிறது என்றார். மாத்திரையை நிறுத்தி, மாற்று மருந்து கொடுத்தார்கள். தலையில் கசிவு இருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். இல்லை. இருந்திருக்கலாம் என்றார். மாத்திரை அதே மாத்திரை, அளவும் அதே அளவு, பிறகு எது மாறியது என்று டாக்டரம்மா துருவினார். மருந்தைக் கேட்கவில்லை, போன மாதத்திலிருந்து புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள், என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் உன் அம்மா, "அந்த சைனீஸ் சூப்!" என்று கத்தினாள். அவள் அங்கிருந்து நேராக உனக்குப் போன் செய்தாள், நீ நேராக அங்கே போன் செய்தாய்.

நீ என்ன சொன்னாய் என்பதை நான் உன்னிடமிருந்து கேட்கவில்லை, ஆனால் உன் அம்மா மூலம் என் காதுக்கு வந்தது. "வாட் டிட் யூ ஃபீட் மை ஃபாதர்?" என்றாயாம். உங்கள் வேர் என் அப்பாவைக் கொன்றிருக்கும் என்றாயாம். தெரியாத சாமானை மனிதனுக்குக் கொடுக்கிறவர்கள் என்று இன்னும் ஏதோ. நீ என் மேல் வைத்த பாசத்தில் சொன்னாய், புரிகிறது. யாரோ ஒரு பையன் உன் அம்மாவிடம், அவள் ஊட்டி வளர்த்த கையைக் காட்டி, இப்படிக் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? ஜாய்ஸ் அதைத்தான் செய்கிறாள். போனை எடுக்காமல் இருக்கிறாள். அது கோபம்கூட இல்லை, நியாயம்.

வீட்டுக்கு வந்த மறுநாள், உன் அம்மா கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, பக்கத்து வீட்டு அங்கிளின் காரில் தொற்றிக்கொண்டு மில்பிடாஸ் போனேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறையில் ஒரு கறுப்புக் குப்பைப் பை. ஓக்லண்ட் கடையில் வாங்கி அவர் கண்ணாடிப் புட்டிகளில் சேர்த்து வைத்திருந்த வேர்கள், பட்டைகள், உலர்ந்த பழங்கள், அத்தனையும் அதற்குள். அலமாரி வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிலீஷில் எனக்குத் தெரிந்த மிகச் சின்ன வாக்கியங்களில் சொன்னேன். எனக்குக் காலில் கட்டி. எனக்கு மாத்திரை. நீங்கள் கேட்டீர்கள். நான் பொய் சொன்னேன். ஐ டோல்ட் எ லை. அவர் தலையசைத்தார். தெரியும் என்கிற மாதிரி. நீ கத்தியதில் மாத்திரை விஷயம் தெரிந்த அன்றே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

"கார்த்திக் போன் பண்ணினானே. அவன்கிட்ட ஏன் சொல்லலை? நான் கேட்டேன், உன் அப்பா இல்லைன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் குப்பைப் பையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "யூ ஃபாதர். ஹீ சன்," என்றார். ஒரு விரலை என் பக்கமும் இன்னொன்றை டெக்சாஸ் பக்கமும் காட்டி, "ஐ டெல் ஹிம் யூ லை? நோ. நாட் மை மௌத்," என்றார்.

என் வாயால் சொல்ல மாட்டேன் என்றார், கார்த்திக். அப்பன் பொய்யன் என்று பிள்ளையிடம் தன் வாயால் சொல்ல மாட்டாராம். நீ கத்திய கத்தலை முழுக்க வாங்கிக்கொண்டு, கையில் இருந்த ஒரே பதிலை மடியில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். சொந்த மகளிடம்கூடச் சொல்லவில்லை. குப்பைப் பையை வெளியே எடுத்துப்போக அவர் தூக்கியபோது நான் பிடுங்கிக்கொண்டேன். இந்த வயதில் இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் பையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். கடைசியில் அந்த வேர்ப் பொட்டலத்தை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன், டாக்டரம்மாவிடம் காட்ட.

டாக்டரம்மா அதைத் திட்டவில்லை. அதைப் பார்த்து அவர் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நீ அந்த வீட்டு மாப்பிள்ளையாகப் போகிறவன், உனக்கு இது வேலைக்கு ஆகும். பல நூறு வருடங்களாகச் சீனத்துப் பெண்கள் மாதவிலக்கு வலிக்கும், பிரசவத்துக்குப் பிறகு தெம்புக்கும், ரத்தம் ஊறவும் என்று இதைச் சூப்பில் போட்டு வருகிறார்கள். அது அவர்கள் அனுபவம். எது எவ்வளவு நிஜம் என்பதற்கு உறுதியான ஆராய்ச்சி இன்னும் போதவில்லை என்றார். ஆனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆகாது. மாத்திரையின் வேகத்தை இது கூட்டிவிடும். ஆஸ்பிரின் தினமும் சாப்பிடுகிறவர்களும், ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சிலருக்கு இதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்றால் தோல் சிவந்துபோகும். ஒரே மாதிரி பெயரில், ஒரே மாதிரி சீவலில் வேறு வேர்களும் கடையில் இருக்கும், லேபிள் இல்லாத டிராயரிலிருந்து அள்ளிக் கொடுப்பதை நம்பக் கூடாது. பிறகு என்னைப் பார்த்து, "உங்க கிச்சன்ல என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் பெருமையாகப் பட்டியல் போட்டேன். இருமலுக்கு நாம் மென்று தின்கிற அதிமதுரம் இருக்கிறதே, அதை நிறைய, நிறைய நாள் சாப்பிட்டால் பிரஷர் ஏறும் என்றார். நம்முடைய அதிமதுரம்! இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது என்று நான் ஆயுள் முழுக்கப் பிரசங்கம் செய்தேனே, அந்தப் பிரசங்கம் முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். வேலை செய்கிற வேர் என்றால் அது வேலை செய்யும். யார் உடம்பில், எந்த மாத்திரைக்குப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் யோசித்தேன். கல்யாணம் ஆகி, கடவுள் புண்ணியத்தில் ஒருநாள் ஜாய்ஸ் மாசமாக இருப்பாள். அன்று பசிபிக் கடலின் இந்தக் கரையிலிருந்து உன் அம்மா கிண்டிய லேகியத்தோடும், அந்தக் கரையிலிருந்து வரவழைத்த வேர்களோடு சம்பந்தியம்மாவும், இரண்டு படைகளாக உங்கள் அபார்ட்மென்ட்டுக்குள் இறங்குவார்கள். நீ நடுவில் நிற்பாய். அன்று மரியாதைக்காகத் தலையாட்டாதே, மகனே. இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ, எது என்றைக்கு என்று கேள். "அம்மா, இப்ப வேண்டாம், அப்புறம்" என்று சொல்லப் பழகு. சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடு. நான் வந்து இரண்டையும் குடித்துவிடுகிறேன் என்று எழுத வந்தேன், அழித்துவிட்டேன். அது முடியாது இனிமேல். டாக்டரம்மாவுக்குக் கையடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மில்பிடாஸிலிருந்து திரும்பி வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் என்னைத்தான் விழுந்து விழுந்து திட்டினாள், காரில் போனதற்கு. பிறகு "நாட் மை மௌத்" வரைக்கும் வந்ததும் அடுப்பை அணைத்தாள். மேசைக்கு அடியில் தட்டிக்கொடுத்த அந்தக் கை அவளுக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பயத்தில் மனிதர்களுக்கு முதலில் மறந்துபோவது தங்கள் பங்குதான்.

"அந்தம்மா நெனைச்சிருந்தா ஒரே வார்த்தையில உங்களைக் கவுத்திருக்கலாம்," என்றாள்.

"ஆமா."

"என்னையும் சேர்த்து."

"ஆமா."

"நாம அவங்களைப் பத்தி எத்தனை பேசினோம்."

"நாம இல்லைடி, நீ," என்றேன். பருப்பு மத்து பறந்து வந்தது. உயிரோடு இருப்பதன் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

அன்று சாயங்காலம் உன் அம்மா சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கிலீஷ் ஒரு கைப்பிடி இருக்கும். அதை வைத்துக்கொண்டு அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். எனக்குக் கேட்டதெல்லாம் "சாரி", "நோ நோ", "மை ஹஸ்பெண்ட் மேட்", "யெஸ், மை ஹஸ்பெண்ட் ஆல்ஸோ". நடுவில் அழுதார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்போது மொழி தேவைப்படவில்லை. ஜாய்ஸுக்கும் நானே போன் செய்து என் பொய்யைச் சொல்லிவிட்டேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அங்கிள், ஹீ ஷுட் கம்," என்றாள். போன் செய்யட்டும் என்று சொல்லவில்லை. வரட்டும் என்றாள்.

இப்போது உன் வேலை. என் பொய்யை நான் சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், டாக்டரம்மா உட்பட. நீ கத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது, அது உன் வாயில் வந்தது. போனில் கேட்காதே, ஈமெயிலில் கேட்கவே கேட்காதே. அப்பா பொய் சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியாது என்று ஆரம்பித்துத் தப்பிக்கவும் பார்க்காதே. தெரியாமல் இருந்தாய், சரி, கேட்டாயா? அவர் ஊற்றும் முன்னால் கேட்டார். நீ கத்தும் முன்னால் கேட்கவில்லை. உனக்கும் அவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அதை அவரிடம் நேரில் நின்று சொல். பக்கத்தில் ஜாய்ஸ் இருக்கட்டும். அவர் "இட்ஸ் ஓகே" என்று சொல்லி உன்னைச் சீக்கிரம் விடுவிக்கப் பார்ப்பார். விடுபடாதே. முழுசாகச் சொல்லி முடி. உன் மேனேஜர் லீவு தர மாட்டார் என்றால் அவர் நம்பரை எனக்குக் கொடு. ஒரு மணி நேரம் நான் அவரிடம் பேசினால், உன்னைத் தூக்கிக்கொண்டு அவரே விமானத்தில் ஏற்றிவிடுவார்.

இந்த சனிக்கிழமைக்கு உன் பக்கத்து ஊர் ஆஸ்டினிலிருந்து சான் ஹோசேவுக்கு டிக்கெட் எடு. நடுநடுவே எழுந்து நட, காலை மடக்கி உட்காராதே. ஏர்போர்ட்டுக்கு நான் வர மாட்டேன், கார் சாவி இன்னும் கிடைக்கவில்லை. டாக்ஸி பிடித்து நேராக மில்பிடாஸ் போ. பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம் என்று முதலில் நம் வீட்டுக்கு வந்துவிடாதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டாளாம் உன் அம்மா. வாசலில் நின்று, "அப்பா, ப்ளீஸ்" என்று நீ கெஞ்சினால் நான் இளகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் என்னையும் மாடியறையில் பூட்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போதே என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொன்னது சொன்னபடி எழுதுகிறேனா என்று பார்க்கிறாள். ஆகவே அவள் வார்த்தையிலேயே எழுதி முடிக்கிறேன்:

"மொதல்ல அங்க போய் அந்தம்மா கையால சாப்பிட்டு வரச்சொல்லுங்க. அப்புறம்தான் இங்க சோறு."